சாப்ளினை எந்த வேகத்தில் ஓட்டுவது? ஒரு 8 மி.மீ. பிரிண்டை டிஸ்க்குக்குக் கொண்டுவந்த பதிவு

மௌனப்பட காலத்து நகைச்சுவைக் குறும்படங்கள் சேர்க்கிறேன் என்று சொன்னால், "அதான் யூடியூப்ல கொட்டிக் கிடக்கே" என்பார்கள். கிடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாதிக்கு மேல் தலை வெட்டுப்பட்டிருக்கும், முகம் வெளுத்து மூக்கும் கண்ணும் தெரியாது, எல்லோரும் சாவி கொடுத்த பொம்மை மாதிரி விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருப்பார்கள். அதையே பார்த்துப் பார்த்து, பழைய படம் என்றாலே அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டோம். ஒரு பிரிண்டை, அதாவது ஃபிலிமில் அச்சிட்ட நகலை, கையில் எடுத்து ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்து பார்த்தால் தெரியும், கோளாறு படத்தில் இல்லை, ஓட்டியவர்களிடம்.

என்னிடம் இருப்பது சாப்ளினின் 'ஈஸி ஸ்ட்ரீட்'. 1917 ஜனவரியில் வெளியான இரண்டு ரீல் படம். மியூச்சுவல் கம்பெனிக்காக 1916, 17இல் அவர் எடுத்துக் கொடுத்த 12 படங்களில் ஒன்று. பிளாக்ஹாக் ஃபிலிம்ஸ் விற்ற 8 மி.மீ. பிரிண்ட், 200 அடி ரீல் இரண்டு. நான் இருப்பது ஒஹாயோ மாநிலத்தில். இங்கே கொலம்பஸ் நகரில் பழைய படப் பிரியர்கள் வருடாவருடம் கூடுவார்கள். திரையிடலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு விற்பனைக் கூடத்தில்தான் பொழுதைக் கழிப்பேன். அங்கே அட்டைப்பெட்டியோடு கிடைத்தது.

பிளாக்ஹாக், அயோவாவின் டேவன்போர்ட்டில் 1927இல் கென்ட் ஈஸ்டின் தொடங்கிய நிறுவனம். வீடியோ காசெட் வருவதற்கு முன் சாதாரண ஆள் ஒருவர் லாரல்–ஹார்டியையோ கீட்டனையோ சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், இவர்களுடைய பட்டியலைப் புரட்டித் தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம். டேவிட் ஷெப்பர்ட் 1970களில் அங்கே வேலை பார்த்தவர். பின்னாளில் அந்தப் படச் சேகரிப்பே அவர் கைக்கு வந்தது. டிஸ்க்கில் நாம் பார்க்கும் நல்ல சாப்ளின், கீட்டன் பதிப்புகள் பலவற்றின் பின்னால் 2017இல் காலமான அந்த மனிதர் இருக்கிறார்.

இந்த 12 படங்களையும் பாரிஸின் லாப்ஸ்டர் ஃபிலிம்ஸும் இத்தாலியின் பொலோன்யா திரைப்படக் காப்பகமான சினிடெக்காவும் சேர்ந்து மீட்டெடுக்க, 2014இல் ஃபிளிக்கர் ஆலி நிறுவனம் ப்ளூ-ரேயாக வெளியிட்டுவிட்டது. அப்புறம் எதற்கு 8 மி.மீ.யோடு மல்லுக்கட்ட வேண்டும்? அந்த டிஸ்க் இருப்பதால்தான். என் அலமாரியில் பெயர் தெரியாத ஒரு 16 மி.மீ. நகைச்சுவை ரீல் காத்திருக்கிறது. அதில் கைவைப்பதற்கு முன் என் ஸ்கேனும் என் கண்ணும் எவ்வளவு தூரம் நம்பத் தகுந்தவை என்று தெரிய வேண்டும். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பதிப்பு இருக்கும் படம்தான் அதற்குத் தோது.

சின்ன ஃபிலிமை இளக்காரமாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லாரல்–ஹார்டியின் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' (1927) படத்தின் இரண்டாவது ரீல், ஒருவர் மேல் ஒருவர் கிரீம் பை (pie) பலகாரத்தை வீசும் அந்த மாபெரும் சண்டை இருக்கிறதே, அது முழுதாக இல்லை என்றுதான் பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தோம். ராபர்ட் யங்சன் 1957இல் தன் தொகுப்புப் படத்தில் சேர்த்த துண்டுதான் எல்லோரும் பார்த்தது. 2015இல் ஜான் மிர்சாலிஸ் என்ற சேகரிப்பாளர் அந்த ரீலைக் கண்டெடுத்தார். யங்சனின் சேகரிப்பிலிருந்து வந்த 16 மி.மீ. பிரிண்ட் அது. எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் ஃபிலிமில் இருந்த மூலப்பிரதி எரிந்தும் உருகியும் போன எத்தனையோ படங்களுக்கு, வீட்டில் ஓட்டுவதற்கென்று அவ்வளவு ஆபத்தில்லாத அசிடேட் ஃபிலிமில் அச்சிட்ட சின்னப் பிரிண்ட்தான் மிச்சம்.

இனி வேலைக்கு வருவோம்.

டப்பாவைத் திறந்ததும் முதலில் மூக்குதான் வேலை செய்யும். புளித்த வினிகர் வாடை அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ரீலை மற்ற ரீல்களோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. வாடை வருவதற்கு முன்பே நிலைமையைச் சொல்லும் ஏ-டி ஸ்ட்ரிப் என்ற காகிதப் பட்டையும் உண்டு. டப்பாவுக்குள் போட்டு வைத்தால் அமிலத்துக்கு ஏற்ப நீலத்திலிருந்து பச்சை, பிறகு மஞ்சள் என்று மாறும். இந்த ரீல்களில் நீலம் மாறவில்லை.

அடுத்தது சுருக்கம். இதற்குக் கருவி தேவையில்லை. சாதா 8 மி.மீ.யில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் உள்ள தூரம் 3.81 மி.மீ. ஆக, 100 ஃபிரேம் 381 மி.மீ. இருக்க வேண்டும். இரும்பு ஸ்கேலை மேஜையில் ஒட்டி, ஃபிலிமைத் தளர்வாகப் படியவைத்து எண்ணினால் போதும். 3 மி.மீ. குறைந்தால் சுருக்கம் ஏறக்குறைய 0.8 சதவீதம், அதை ஓடும் புரொஜெக்டரில் மாட்டவே கூடாது. துளைகளைக் கிழித்துவிடும். என் பிரிண்ட் அதற்குக் கீழேதான் இருந்தது, ஆனாலும் பல்சக்கரத்தில் ஏற்றவில்லை.

பழைய ஒட்டுகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். சிமென்ட் ஒட்டு என்றால் லேசாக வளைத்துப் பார்த்தாலே ஓரம் விடுவது தெரியும். விட்டிருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி சிமென்ட் போடலாம். டேப் ஒட்டு சள்ளை பிடித்தது. வருடக்கணக்கில் பசை கசிந்து, அடுத்த சுற்றில் இருக்கும் ஃபிரேம்களில் ஈஷியிருக்கும். டேப்பை இழுக்கக் கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஓரமாக ஊறவைத்தால் தானாகக் கழன்று வரும். 99 சதவீத ஆல்கஹால்தான் வாங்க வேண்டும். மருந்துக் கடையில் விற்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் கலந்திருக்கும், தண்ணீர் பட்டால் எமல்ஷன், அதாவது படம் பதிந்திருக்கும் படலம், ஊறி இளகும். முழு ரீலையும் அதே ஆல்கஹாலில் நனைத்த மைக்ரோஃபைபர் துணிக்கு நடுவில் மெதுவாக ஓட்டினேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. துணி கறுத்ததைப் பார்த்தால் ஐம்பது வருடத்து வீட்டுத் தூசி என்று தோன்றியது.

துடைப்பதில் ஓர் எல்லை உண்டு. பெரிதாக்கிப் பார்த்தால் ஃபிரேமில் இரண்டு விதமான குப்பை தெரியும். கறுப்பாகத் தெரியும் தூசி இந்தப் பிரிண்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, துணிக்கு வந்துவிடும். வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது பெரும்பாலும் அச்சிடும்போது நெகட்டிவ்மேல் இருந்த தூசி. அது வெளிச்சத்தை மறைத்ததால் பிரிண்டில் வெள்ளையாகவே பதிந்துவிட்டது. அதைத் தேய்ப்பது புகைப்படத்தில் இருக்கும் மச்சத்தைத் தேய்ப்பதற்குச் சமம். கீறலுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. எமல்ஷன் பக்கம் கீறினால் வெள்ளிப் படலமே உரிந்து வெள்ளைக் கோடு விழும். முதுகுப் பக்கக் கீறல் வெளிச்சத்தைச் சிதறடித்துக் கறுப்புக் கோடாகத் தெரியும். இரண்டாவது வகைக்கு மருந்து இருக்கிறது: பரவலான வெளிச்சம். எல்.இ.டி. விளக்குக்கும் ஃபிலிமுக்கும் நடுவே பால்நிற அக்ரிலிக் துண்டு ஒன்றைச் செருகியதும் மெல்லிய கோடுகளில் பெரும்பகுதி கண்ணிலிருந்தே மறைந்தது. மென்பொருளில் மணிக்கணக்காகத் தேடித் துடைக்க வேண்டியதை ஒரு பிளாஸ்டிக் துண்டு முடித்துவைத்தது.

ஸ்கேனர், பழைய புரொஜெக்டர் ஒன்றின் உடம்பு. உள்ளே இருந்த பல்பு, ஷட்டர், நகம், பல்சக்கரம் எல்லாம் வெளியே. ரப்பர் உருளையை ஸ்டெப்பர் மோட்டார் சுற்றுகிறது. துளை சரியான இடத்துக்கு வந்ததும் மோட்டார் நிற்கும், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியின் 12 மெகாபிக்சல் கேமரா படம் எடுக்கும், ஃபிலிம் அடுத்த ஃபிரேமுக்கு நகரும். லென்ஸ், டார்க்ரூம் என்லார்ஜரில் இருந்த 50 மி.மீ. லென்ஸ், தலைகீழாகத் திருப்பி, நீட்டுக் குழாய் போட்டு மாட்டினால் இவ்வளவு சிறிய ஃபிரேமுக்கு அருமையாக வேலை செய்கிறது. ஃபிரேமை மட்டும் எடுக்காமல் துளையும் சேர்ந்து விழும்படி கொஞ்சம் அகலமாக எடுக்க வேண்டும். பின்னால் படம் ஆடுவதை நிறுத்த அந்தத் துளைதான் பிடிமானம்.

எத்தனை படம் எடுக்க வேண்டிவரும்? இதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். 35 மி.மீ.யில் அடிக்கு 16 ஃபிரேம், 16 மி.மீ.யில் 40, சாதா 8 மி.மீ.யில் 80. எனவே தியேட்டரில் 1,000 அடி ரீலாக இருந்தது 16 மி.மீ.யில் 400 அடி, 8 மி.மீ.யில் 200 அடி. மூன்றிலும் ஃபிரேம் கணக்கு ஒன்றுதான், 16,000. ரீலின் அளவைப் பார்த்தே படம் முழுசா, வெட்டியதா என்று ஓரளவு ஊகித்துவிடலாம். இரண்டு ரீல் படத்துக்கு அதிகபட்சம் 32,000 ஃபிரேம். ஃபிரேமுக்கு ஒரு நொடி என்றாலும் கிட்டத்தட்ட 9 மணி நேரம். சுருக்காத கோப்பாகச் சேமித்தால் அரை டெராபைட்டைத் தாண்டும். வன்தட்டுக்குச் செலவு பண்ண மனமில்லாதவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

மென்பொருள் பகுதியைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். ஆட்டம் நிறுத்துவதும் புள்ளி நீக்குவதும் அவிசிந்த்தில், வெளிச்சம் சமன் செய்வது டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில். புள்ளி நீக்கியை முறுக்கினால் ஆபத்து: ஒரே ஒரு ஃபிரேமில் தோன்றி மறையும் எதையும் அது குப்பை என்றே நினைக்கும். போலீஸ் தடி சுழலும் காட்சியில் தடியின் நுனி காணாமல் போயிற்று. சண்டைக் காட்சிகளில் அதை அணைத்துவிட்டு, பெரிய புள்ளிகளை மட்டும் கையால் துடைத்தேன். செயற்கை நுண்ணறிவு வைத்துத் தெளிவாக்கும் மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தேன். நாயகி எட்னா பர்வியன்ஸுக்கு மெழுகு முகம் வந்தது. வில்லன் எரிக் காம்ப்பெல்லின் ஒட்டுப் புருவம் இரண்டு கம்பளிப்பூச்சி ஆயிற்று. வேண்டாம். கிரெயின், அதாவது ஃபிலிமுக்கே உரிய பொடிப் புள்ளிகள், இருக்கட்டும், அதுதான் படம்.

இப்போது வேகம். இந்தத் துறையில் இதைவிடப் பெரிய முடிவு கிடையாது என்பது என் கட்சி. கீறலோடு இருக்கும் படத்துக்குச் சிரிக்கலாம். தப்பான வேகத்தில் ஓடும் படத்துக்கு முடியாது.

கைப்பிடி சுற்றிப் படம் எடுத்த காலம். 'மௌனப்பட வேகம் நொடிக்கு 16 ஃபிரேம்' என்று புத்தகத்தில் போட்டிருப்பதை நம்பி ஓட்டினால் சாப்ளின் சேற்றில் நடக்கிறார். 24இல் ஓட்டினால் நான் முதலில் சொன்ன சாவி பொம்மை. அன்றைக்குத் தியேட்டரில், எடுத்ததைவிட வேகமாக ஓட்டுவதுதான் நடைமுறை. நகைச்சுவைக்காரர்களுக்கு அது தெரியும். தெரிந்தே கேமராவை மெதுவாகச் சுற்றச் சொல்லி, திரையில் ஒரு துள்ளல் வரும்படி கணக்குப் போட்டு நடித்தார்கள். ஆகையால் 'இயல்பான' வேகத்தைத் தேடிப் போனாலும் தப்பு.

கேமரா எந்த வேகத்தில் சுற்றியது என்று தோராயமாகக் கண்டுபிடிக்கப் புவியீர்ப்பு உதவும். கையிலிருந்து நழுவும் கனமான பொருள் 1.2 மீட்டர் விழ அரை நொடி பிடிக்கும். அந்த வீழ்ச்சி 8 ஃபிரேமில் முடிந்தால் கேமரா நொடிக்கு 16. தொப்பியை வைத்து அளக்கக் கூடாது, காற்று பிடிக்கும். காட்சிக்குக் காட்சி எண் மாறும், ஏனென்றால் சுற்றியது மனிதக் கை. கிடைக்கும் எண்ணை அடித்தளமாக வைத்து, அதற்கு மேல் எவ்வளவு ஏற்றுவது என்பதைக் காமெடியே சொல்லட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

இந்தப் படத்தில் அதற்கு ஒரு காட்சி இருக்கிறது. காம்ப்பெல் அந்தத் தெருவையே ஆட்டிவைக்கும் ரவுடி. புது போலீஸ்காரர் சாப்ளின் தடியால் மண்டையில் அடிக்கிறார், அடிக்கிறார், மலை மாதிரி நிற்கிறான். தன் பலத்தைக் காட்ட எரிவாயு விளக்குக் கம்பத்தை இரண்டு கையாலும் வளைக்கிறான். அது தாழ்ந்த கணத்தில் சாப்ளின் அவன் முதுகில் தாவி, விளக்குக் கூட்டுக்குள் அவன் தலையைச் செருகி, எரிவாயுவைத் திறக்கிறார். ஆள் மயங்கியதும் வைத்தியர் தோரணையில் நாடி பிடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் மருந்து கொடுக்கிறார். இங்கே இரண்டு வேகம் மோதுகிறது. தாவல் மின்னல் மாதிரி இருக்க வேண்டும். நாடி பிடிக்கும் இடம் அவசரமே இல்லாமல் இருக்க வேண்டும், அந்த நிதானம்தான் சிரிப்பு. 24இல் நாடி பார்ப்பதே தெரியவில்லை, கையைத் தொட்டுவிட்டு விட்ட மாதிரி இருக்கிறது. 18இல் நாடி அற்புதம், ஆனால் தாவலில் உயிர் இல்லை, யாரோ தூக்கி உட்காரவைத்த மாதிரி. 20, 21 வாக்கில் இரண்டுமே பிழைக்கின்றன.

20 என்று நிறுத்தியதற்கு இன்னொரு காரணம் டிஸ்க். ப்ளூ-ரேயில் நொடிக்கு 20 ஃபிரேம் என்று ஒரு வகையே கிடையாது. 24ஆக எழுத வேண்டுமென்றால் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்றை இரண்டு முறை காட்ட வேண்டும். நொடிக்கு நாலு இடறல், பக்கவாட்டில் நடக்கும் ஆளிடம் அப்பட்டமாகத் தெரியும். வணிக டிஸ்க்குகள் பலவற்றிலும் இந்த இடறல் உண்டு, கவனித்துப் பாருங்கள். ஆனால் ப்ளூ-ரேயில் 1280 × 720 அளவில் நொடிக்கு 59.94 ஃபிரேம் எழுத அனுமதி இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமையும் சரியாக மூன்று முறை காட்டினால் 19.98. ஏற்ற இறக்கமே இல்லாத சீரான ஓட்டம். 1080 இல்லையே என்று வருந்தத் தேவையில்லை, 8 மி.மீ. பிரிண்டில் 720க்கு மேல் எடுத்துக் காட்ட எதுவும் ஒளிந்திருக்கவில்லை. இடையில் இல்லாத ஃபிரேமைக் கணினியே வரைந்து நிரப்பும் வசதியை மட்டும் தொடவே கூடாது. கைகால் வழுக்கிக்கொண்டு போகும், அடி விழும் கணம் கரைந்துவிடும்.

எடுத்ததை 2014 டிஸ்க்கோடு பக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். தெளிவில் போட்டியே இல்லை. நிழற்பகுதியில் என்னுடையது அடைத்துக்கொண்டு, சுவரின் செங்கல் தெரியாமல் போகிறது. சேர்க்கப் புறப்படுபவர்கள் இப்படி ஒப்பிடும்போது சட்டகத்தின் நாலு ஓரங்களையும் பார்க்க வேண்டும். 1930களின் தொடக்கத்தில் வான் பியூரன் கம்பெனி இந்த 12 படங்களுக்கும் இசையும் டமால் டுமீல் ஒலியும் சேர்த்து மறுவெளியீடு செய்தது. ஒலித்தடத்துக்கு இடம் வேண்டுமே, அதற்கு இடது ஓரம் பலியானது. அந்தப் பதிப்பிலிருந்து வந்த பிரிண்டிலும் டிஸ்க்கிலும் இடது பக்கம் நிற்பவருக்கு அரை உடம்புதான். ஒலி 24க்கென்று அமைத்தது என்பதால் வேகத்தையும் குறைக்க முடியாது. மலிவு டிஸ்க் வாங்கும்போது பெட்டியின் பின்னால் நிமிடத்தையும் பாருங்கள். 28,000 ஃபிரேம் உள்ள படம் 24இல் பத்தொன்பதரை நிமிடம், 20இல் இருபத்து மூன்றேகால், 16இல் இருபத்தொன்பது. காட்சி எதுவும் வெட்டாமலே பத்து நிமிட வித்தியாசம்.

இசைக்கு, நண்பரின் மகள் பியானோ கற்கிறாள், அவளை உட்காரவைத்தேன். 1917 படத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்டது. ஆனால் டிஸ்க்கில் வரும் இசைக்கு அதை உருவாக்கியவர்களின் உரிமை இருக்கிறது, எடுத்து ஒட்ட முடியாது. இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்லினின் 1899ஆம் வருட ராக்டைம் பியானோ இசை ஒன்றை அவள் ஏற்கெனவே வாசிப்பாள்; அதை வைத்துத் தொடங்கினோம். ஒவ்வொரு தடியடிக்கும் கட்டையில் ஓங்கிக் குத்த வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அங்கிள், அவன் அடி வாங்கிட்டு அசையாம நிக்கிறான்ல, அப்ப நானும் கையை எடுத்துடவா?"

"எடுத்துடும்மா. எப்ப திரும்ப ஆரம்பிப்ப?"

"அவர் தடி ஒழுங்கா இருக்கான்னு திருப்பிப் பார்ப்பார் இல்ல, அப்ப."

அப்படியே பதிவு செய்தோம். அந்த இடத்தில் வரும் மௌனம், நான் டிஸ்க்கில் கேட்ட எந்த இசையைவிடவும் எனக்குப் பிடித்திருக்கிறது. பாரபட்சம் இருக்கலாம்.

டைட்டில் கார்டுகளில் பிளாக்ஹாக் சேர்த்த முன்னுரை அட்டைகளை வெட்டாமல் அப்படியே விட்டேன். 1917க்கு அவை அந்நியம்தான், ஆனால் இந்தப் பிரிண்ட் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. பார்க்கும் நகலில் தாண்டிப்போக ஒரு சாப்டர் குறி வைத்தால் தீர்ந்தது. ஸ்கேன் செய்த மூலக் கோப்புகள் இரண்டு வன்தட்டுகளில். ரீல்கள் காற்றோட்டத் துளையுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், மாடி அறை அலமாரியில். பேஸ்மென்டில் வைக்கவில்லை, கோடையில் ஈரம் ஏறிவிடும்.

அடுத்தது அந்தப் பெயரில்லாத 16 மி.மீ. ரீல். தலைப்பு அட்டை, பொம்மைப் புரொஜெக்டரோடு விற்ற துண்டுப் படங்களில் வருவது போல யாரோ பிற்பாடு வைத்த பொதுப் பெயர். ஓரத்தில் கோடாக்கின் சதுரமும் முக்கோணமும் தெரிகின்றன. அந்தக் குறிகள் 20 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வருபவை, எனவே அதை வைத்து மட்டும் வருடம் சொல்ல முடியாது. அடிப்பாகம் மஞ்சள் சாயலில் இருக்கிறது; கோடாஸ்கோப் நூலகம் வாடகைக்கு விட்ட பிரிண்டுகளிலும் அந்தச் சாயல் உண்டு. ஒரு காட்சியில் சந்தும் மாடிப்படியும் தெரிகின்றன. ஹாலிவுட் பூல்வார்டுக்குத் தெற்கே கஹுவெங்கா தெருவை ஒட்டி, சாப்ளின், கீட்டன், லாய்ட் மூன்று பேரும் படம் எடுத்த அந்தச் சந்தோ என்று பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெரிய மீசைக்காரர் ஒருவர் ஏணியிலிருந்து விழுகிறார். 7 ஃபிரேமில் விழுகிறார்.